மறதியில் வந்த பேரரசாம்!

1883ஆம் ஆண்டில் இரண்டு நூல்கள் அச்சேறின. ஒன்று இலண்டன் மாநகரில். மற்றொன்று சென்னையில், அரசினர் அச்சகத்தில். இலண்டன் நூலின் ஆசிரியர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஜான் ராபர்ட் சீலி. நூலின் பெயர் 'இங்கிலாந்தின் விரிவு'. சென்னை நூலைத் தொகுத்தவர் லெ ஃபானு என்னும் ஆங்கில அதிகாரி. நூலின் பெயர் 'சேலம் மாவட்டக் கையேடு', இரண்டு தொகுதிகள். முன்னது உலகெங்கும் உலவிற்று. ஆங்கில அரசியலார் பலர் அதனை விரும்பிப் படித்தனர். பின்னது கச்சேரி அலமாரியில் கறையானுக்குத் துணையாய்க் கிடந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும், தோழர்களே! பேராசிரியர் காணத் தவறியதைக் கச்சேரி ஏடு காட்டிக் கொடுத்துவிடுகிறது.

சீலி சொன்னது யாது? பாதி உலகைத் தம் நாட்டார் பிடித்ததும், பிடித்த இடமெல்லாம் குடியேறியதும், எண்ணித் துணிந்த செயலாகத் தோன்றவில்லை. ஏதோ நினைவு தப்பிய நிலையில் நடந்ததுபோல் இருக்கிறது என்றார். நேர்மையாகச் சொல்லவேண்டும்: இதனை அவர் பெருமையாகக் கூறவில்லை. தமக்கென ஒரு பேரரசு இருப்பதையே எண்ணிப் பாராமல் உண்டு உறங்கும் தம் நாட்டாரை இடித்துரைக்கவே கூறினார். ஆனால் சொன்னவர் நோக்கம் மறைந்தது. சொல் மட்டும் நிலைத்தது. வாணிபம் செய்ய வந்தார்களாம், வழியில் நாடு கிடைத்ததாம், வேண்டாவெறுப்பாக ஆண்டார்களாம்! பிறன் பையை மடியில் கட்டிக்கொண்டவன், 'அது தானாக வந்து விழுந்தது ஐயா' என்று சொன்னால் ஊர் சிரிக்கும். பேரரசு சொன்னபோது பாடநூலில் ஏற்றிக்கொண்டார்கள்.

இப்போது சேலத்து ஏட்டைப் புரட்டுங்கள். ஓசூர் முதல் நாமக்கல் வரை, அன்றைய மாவட்டத்தின் ஒவ்வொரு வட்டமும் அதில் இருக்கிறது. வரலாறு இருக்கிறது, நிலவரி இருக்கிறது. சென்னை மாகாணத்தில் இத்தகைய ஏடு சேலத்துக்கு மட்டும் எழுதப்படவில்லை, மதுரைக்கு நெல்சன் என்பவர் 1868லேயே எழுதினார், மாவட்டந்தோறும் எழுதுவித்தார்கள். மறதிக்காரன் செய்யும் வேலையா இது? இவ்வரசு தன் குடிகளை ஊன்றிக் கவனித்தது. ஐரோப்பியன் கொண்டுவந்து இறக்கிய பெரும் படைக்கலம் இக்கவனமே என்பது என் துணிபு. பீரங்கி திப்புவிடமும் இருந்தது.

தொடக்கத்தைப் பார்ப்போம். 1792 மார்ச்சு, சீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தான். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். பிணையாக இரண்டு பிள்ளைகள். பாரமகால் என்று அன்று வழங்கிய கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதியும், சேலமும், நாமக்கல்லும் கும்பெனியின் கைக்கு வந்தன. ஆளுவதற்குக் கும்பெனியின் சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை கார்ன்வாலிஸ். அவர்களுக்கு நாட்டு மொழி தெரியாது. துபாஷி சொன்னதே வேதம். ஆகவே படைவீரன் ஒருவனைத் தேடினார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்குத் துணையாக மூவர். வடக்கே கிரகாம்; நடுவே தருமபுரியில் தாமஸ் மன்றோ; தெற்கே, நம் சேலம் நாமக்கல் சமவெளியில், மெக்லியோட். போர் முடிந்ததும் நிலத்தை அளக்கப் புகுந்தார்கள்.

அதற்கு முன்னும் வரி இருந்தது, கொடுமையும் இருந்தது. பழம்பெருமை பேசி அதனை மறைக்க நாம் யாரும் புராணிகர் அல்லோம். ஆனால் பழைய அரசன் ஊரைத்தான் அறிவான், ஆளை அறியான். பாளையக்காரனோ, குத்தகைக்காரனோ, ஊர்த் தலைவனோ நடுவில் நிற்பான். ஊருக்கு இவ்வளவு என்று மேலே கட்டிவிட்டு, உள்ளூரில் அடித்துப் பிடித்துப் பங்கிடுவான். ரீட்டும் அவர் ஆட்களும் இந்த நடுவனை நீக்கப் பார்த்தார்கள். வயல் வயலாக அளந்தார்கள். வயலுக்குத் தீர்வை வைத்தார்கள். உழுபவன் பெயரைப் பதிந்தார்கள். 1796இல் ரீட் வெளியிட்ட அறிவிப்பில், குடியானவன் தனக்கு வேண்டிய வயலை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம், வைத்திருப்பதற்கு மட்டும் தீர்வை கட்டலாம் என்ற கொள்கை உருவெடுத்தது. அதுதான் பின்னர் இரயத்துவாரி ஆயிற்று. மன்றோ கவர்னராய் அமர்ந்த 1820இல் மாகாணத்தின் பொது முறையாயிற்று. இன்று நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பட்டாவின் தலைமுறை வரிசையை எண்ணிப் போனால், இந்தச் சமவெளியில் கொண்டுபோய் நிறுத்தும். வகுப்பறையில் இது ஒரு வரி. விடைத்தாளில் ஒரு மதிப்பெண்!

இதில் மேனாட்டான் புதிதாய்க் கண்டது எவ்வளவு என்று கேட்டால், அவன் புகழ் பாடுவோர் முகம் சுளிப்பர். மன்றோவைப் பற்றி 1989இல் நூல் எழுதிய பர்ட்டன் ஸ்டீன், திப்புவின் மைசூரே இந்த வழியில் நடந்துகொண்டிருந்தது என்று காட்டினார். பாளையக்காரரை ஒடுக்கி, தன் சம்பளத்து அமில்தார்களைக் கொண்டு நேரே வரி வாங்கிப் படை வளர்க்க முயன்றவன் திப்பு. அவனை வென்றவர்கள் அவன் முறையையும் சேர்த்தே வாரிக்கொண்டார்கள். 'கிழக்கே குழப்பம், மேற்கே ஒழுங்கு' என்று பிரித்துக் காட்டும் பாடம் இங்கே பொய்த்துப் போகிறது.

மன்றோ நல்லவரா என்பர். சென்னைத் தீவுத்திடலுக்கருகே, அங்கவடி இல்லாத குதிரைமீது அமர்ந்திருக்கிறாரே, அவர்தாம். திறமையாளர், மொழி கற்றவர், குடியானவனிடம் இரக்கம் கொண்டவர் என்பதை மறுக்கவேண்டியதில்லை. 1827இல் காலரா கண்டு இறக்கும்போதும் சுற்றுப்பயணத்தில்தான் இருந்தார். ஆனால் ஓர் ஆட்சியை அளப்பதற்கு ஆண்டவனின் நெஞ்சு அளவுகோல் ஆகாது. அவர் ஏற்படுத்திய கருவி, அவர் இறந்த பின் யார் கையில் எப்படி வேலை செய்தது என்றே கேட்கவேண்டும். (அவர் இருந்த நாளிலேயே சேலத்தில் அது சிலகாலம் தடம் புரண்டது. 1802க்குப் பின் நிரந்தரத் தீர்வை என்று சொல்லி, நிலத்தை 'மிட்டா'க்களாகப் பிரித்து ஏலம் போட்டார்கள். எடுத்தவர் பலர் கட்டமாட்டாமல் வீழ்ந்தனர். மிஞ்சிய மிட்டாதார்களின் கதை 1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்தது.)

கலெக்டர் குடியானவனை நேரே அறிவார் என்றார்கள். ஆண்டில் ஒருநாள், ஜமாபந்தியில், அவன் கும்பிட்டு நிற்கக் காண்பார். மற்ற நாளெல்லாம்? ஊரில் எழுத்தறிந்தவன் கர்ணம். பட்டா அவன் எழுத்து. சிட்டா அவன் எழுத்து. அடங்கலில் எந்த வயலில் என்ன பயிர், யார் அனுபவம் என்பதெல்லாம் அவன் எழுத்து. நடுவனை ஒழித்ததாகச் சொன்ன ஆட்சி, பேனா பிடித்த நடுவனை ஊருக்கொருவனாக உட்கார வைத்தது. தந்தைக்குப் பின் மகன் என்ற உரிமையை 1895ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொறித்தும் கொடுத்தது. பல ஊர்களில் அப்பேனா பிறந்தது அக்கிரகாரத்தில். வேறு சில ஊர்களில் வேறு உயர்சாதி வீட்டில். சேரியில் பிறந்ததாக ஓர் ஊரைக் காட்டுங்கள் பார்ப்போம்! இங்குதான் சீலி சொன்ன வேறொரு கருத்து மெய்யாகிறது. இந்தியாவை ஆங்கிலேயன் தன் படையால் வெல்லவில்லை. இந்தியச் சிப்பாயும் இந்தியப் பணமும் கொண்டே வென்றான் என்று அவர் வாதிட்டார். சிப்பாயோடு கர்ணத்தையும் சேர்த்துக்கொண்டால் கணக்குச் சரியாகும். வெள்ளைக்காரன் சாதியைப் படைத்தான் என்று இன்று சிலர் எழுதுகிறார்கள், அவன் படைக்கவில்லை. கிடந்த சாதியைப் பொறுக்கி எடுத்து, அதற்கு முத்திரையும் சம்பளமும் கொடுத்தான்.

அந்த முத்திரையின் கீழ் என்ன நடந்தது? 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை தந்தது. நிலவரி வாங்குவதற்காகக் குடியானவரை வதைப்பது நடைமுறையில் இருந்தது என்று அரசு அமர்த்திய குழுவே ஒப்புக்கொண்டது. ஆங்கில அறிக்கையிலே இரண்டு தமிழ்ச் சொற்கள்: கிட்டி, அண்ணாந்தாள். விரல்களை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தை வளைத்துக் காலோடு கட்டி, வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். ஆங்கில மொழிக்குத் தமிழ் தந்த கொடை இது! குழு யார்மீது குற்றம் சுமத்திற்று? நாட்டுச் சிப்பந்திகள்மீது. வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் உடந்தை இல்லை என்றது. கிட்டி பிடித்தவன் நம்மவன்தான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை தேதிக்குள் எவ்வளவு வசூலாகவேண்டும் என்று மேலேயிருந்து எழுதி அனுப்பியவன் யார்?

அளந்தவன் காப்பான் என்று நினைத்தோர்க்கு 1876 விடை கூறிற்று. மழை பொய்த்தது, தாது ஆண்டுப் பஞ்சம் வந்தது. 1877 சனவரி முதல் நாள் தில்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசி என்று அறிவித்து விழா எடுத்தார் லிட்டன். தெற்கே மக்கள் வீழ்ந்துகொண்டிருந்தனர். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கைச்செலவுக்குச் சிறு காசும் போதும் என்று கணக்கிட்டார் ரிச்சர்டு டெம்பிள். அரைக் கிலோவுக்கும் குறைவு! மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் என்னும் மருத்துவர் எதிர்த்து எழுதினார் என்பதையும் குறிக்கவேண்டும். தானிய வாணிபத்தில் அரசு கை வைக்கலாகாது என்பது லிட்டனின் கொள்கை. சேலம் மாவட்டத்தில் 1871இல் எண்ணியபோது மக்கள் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். 1881இல் எண்ணியபோது 16 லட்சத்துக்கும் குறைவு. செத்தவர் பலர்; இலங்கைத் தோட்டங்களுக்கும் பிற இடங்களுக்கும் பிழைக்கப் போனவர் சிலர். லெ ஃபானுவின் ஏடு வெளிவந்தது அந்த எண்ணிக்கைக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின். எத்தனை வயல் என்று அறிந்த அரசு, எத்தனை வயிறு என்றும் அறிந்திருந்தது. அறியாமையால் நேர்ந்த சாவு என்று அதற்கு எவரும் பெயரிட முடியாது.

இதே கவனம் உலகெங்கும் சென்றது. சாவகத் தீவில் 1830 முதல் டச்சுக்காரன், ஊர் நிலத்தில் ஐந்திலொரு பங்கை ஏற்றுமதிப் பயிருக்கு ஒதுக்கச் சொன்னான். பிலிப்பைனில் 1849இல் ஸ்பானியக் கவர்னர் குடும்பப் பெயர்களின் பட்டியல் ஒன்றை ஊர்தோறும் அனுப்பி, 'இதிலிருந்து எடுத்துக்கொள்' என்றார். 1882இல் அல்சீரியரையும் அவ்வாறே பெயர்சூட்டிப் பதிய பிரெஞ்சு நாடு சட்டம் செய்தது. பெயரில்லாதவனிடம் வரி வாங்குவது கடினம் அல்லவா! உருவாண்டாவில் 1930களில் பெல்சியர், அட்டை ஒன்று கொடுத்து, 'நீ ஊட்டு', 'நீ துட்சி' என்று அதில் எழுதினார்கள். பெல்சியர் 1962இல் வெளியேறினர்; அட்டை நின்றது. 1994இல் சாலைத் தடையில் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து வெட்டினார்கள்.

ஆண்டவன் நாடும் மாறாமல் இருக்கவில்லை. தேர்வெழுதி அரசுப் பணிக்கு வரும் முறை இந்திய சிவில் சர்வீசுக்கு 1855இலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தின் சொந்த அலுவலகங்களில் பொதுப்போட்டி வந்தது 1870இல். அச்சீர்திருத்தத்துக்கு 1854இல் அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர் சார்லஸ் டிரெவெலியன். இந்தியாவில் பணி பழகியவர். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணப் பொறுப்பில் இருந்தவர். 1859இல் சென்னைக்குக் கவர்னராக வந்தவர். வங்காளத்தில் பழகிய கைரேகை முறை 1901இல் ஸ்காட்லாந்து யார்டில் நுழைந்தது. கொண்டுபோனவர் வங்காளப் போலீசின் தலைமை அதிகாரியாக இருந்த எட்வர்டு ஹென்றி. அடிமை நாட்டில் செய்து பார்த்த சோதனை, எசமானன் வீட்டுக்குச் சட்டமாய்த் திரும்பியது.

கைரேகை என்றதும் நம் பக்கத்துக் கதை வருகிறது. என் வகுப்பில் ஒரு மாணவன். நாமக்கல் பக்கத்துச் சிற்றூர். சாதிச் சான்றிதழை நீட்டியவன் கேட்டான்: "சார், நாங்க மூணு தலைமுறையா இந்த ஊரு. எங்க சாதிப் பேருல சேலம்னு ஏன் சார் இருக்கு?" சான்றிதழில் இருந்தது: சேலம் உப்புக் குறவர். சீர்மரபினர் பட்டியலில் சேலம் மேல்நாட்டுக் குறவர் என்று வேறொரு பெயரும் உண்டு.

பொதிமாட்டிலும் கழுதையிலும் கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்று விற்றவர்கள் உப்புக் குறவர். உப்பைக் கும்பெனி தன் தனியுரிமையாக்கியது. பின்னர் இரயில் வந்து சுமையைப் பறித்தது. பஞ்சம் மாட்டைப் பறித்தது. பிழைப்பிழந்து அலைந்தவனை அரசு என்ன பெயரிட்டு அழைத்தது? குற்றப் பரம்பரை! 1871இல் வடக்கே பிறந்த அச்சட்டம், 1911இல் திருத்தி விரிக்கப்பட்டு நம் மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்கவேண்டும், இருக்கும் இடத்தைத் தெரிவித்துக்கொண்டே இருக்கவேண்டும். மக்கள் வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. இரட்சணிய சேனை நடத்திய ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியிருப்புகளில் குறவர் அடைக்கப்பட்டனர். பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளரை 1920 ஏப்ரல் 3ஆம் நாள் சுட்டு வீழ்த்தினார்கள். குறவர் வரலாற்றை மீனா இராதாகிருஷ்ணா 2001இல் நூலாக எழுதினார். அதைப் படித்தபோதுதான், வணிகனை வழிப்பறிக்காரன் ஆக்கியது எந்தச் சாலை என்று எனக்கு விளங்கிற்று. நாடு முழுமையிலும் அச்சட்டம் ஒழிந்தது 1952இல். பட்டியல் பெயர் மட்டும் சான்றிதழில் நிற்கிறது.

இனி நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடவேண்டும். 'உங்கள் இயக்கம் வெள்ளையனுக்கு வால் பிடித்தது' என்று நம்மைப் பார்த்துச் சொல்வோர் இன்றும் உண்டு. கோபம் கொள்வதற்கு முன் ஏட்டைத் திறப்போம். நீதிக் கட்சியார் வெள்ளையன் ஆட்சிக்குள் அமைச்சராய் அமர்ந்தனர். அவன் கொடுத்த பட்டங்களைச் சூடினர். மறைக்கவேண்டியதில்லை. ஆனால் 1944 ஆகஸ்டு 27, இதே சேலத்தில் கூடிய மாநாட்டில் கட்சி திராவிடர் கழகமாயிற்று. அண்ணாவின் தீர்மானம் ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களையெல்லாம் துறக்கச் சொன்னது. துறக்க மனமில்லாதவர் விலகினர். 1947இல் விடுதலை நாளைத் துக்க நாள் என்றார் பெரியார், அண்ணா உடன்படவில்லை. இருவரும் தத்தம் காரணத்தை வெளிப்படையாய் எழுதினர். தன் வரலாற்றைத் திறந்து வைத்துத் தர்க்கம் செய்த இயக்கத்தின் பிள்ளைகள், மன்றோவுக்கு மாலை போடவும் வேண்டாம். மன்னர் காலத்தை மீட்கவும் வேண்டாம்.

கடினமான கேள்வி வேறு. சாதி சாதியாய் எண்ணிய அதே கணக்கு, நம்மை ஒடுக்கவும் உதவியது, உயர்த்தவும் உதவியது. எண்ணிக்கை இல்லையேல் வகுப்புவாரி ஆணை ஏது? 1951இல் அவ்வாணை நீதிமன்றத்தில் வீழ்ந்தபோது, அரசியல் சட்டத்தையே முதன்முறை திருத்த வைக்குமளவுக்கு நாம் போராடினோமே, எந்த அடிப்படையில்? எத்தனை பேர் நாங்கள், எத்தனை இடம் எங்களுக்கு என்ற கணக்கின் அடிப்படையில். முழுச் சாதிக் கணக்கு கடைசியாய் எடுத்தது 1931. அடுத்த மக்கள்தொகைக் கணக்கில் சாதியும் இடம்பெறும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. 'எண்ணினால் சாதி வளரும், உருவாண்டாவைப் பாரீர்' என்று அஞ்சுவோர் ஒருபுறம். அவர்களுக்கு என் விடை இது: அட்டை எழுதப்பட்டவன் அதைத் திருத்தமுடியாத நிலைதான் உருவாண்டாவின் நஞ்சு. கர்ணம் எழுதிய சிட்டாவின் நஞ்சும் அதுவே. 1980இல் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்து, தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலரை அமர்த்தியதே, அன்று ஏடு கிழிக்கப்படவில்லை. எழுதும் கை மாறியது. இன்று அந்த நாற்காலியில் எந்த ஊர்ப் பெண்ணும், எந்தச் சேரிப் பிள்ளையும் அமர்கிறார்கள். இலஞ்சம் ஒழிந்ததா என்று கேட்காதீர்கள். அது வேறு கட்டுரை.

கணக்கெடுக்க வருபவரிடம் உப்புக் குறவர் தம் பெயரை எப்படிச் சொல்ல விரும்புகிறார்களோ, அப்படி எழுதப்படவேண்டும். சேலம் என்ற சொல் வேண்டுமா, வேண்டாவா என்பதைத் தீர்மானிக்கவேண்டியவர் அவர்களே. மாவட்டங்கள்கூட மாறிவிட்டன: 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் பிரிந்தது. அன்றைய சேலம் இன்று எங்கே இருக்கிறது?

அந்த மாணவனுக்கு உப்பின் கதையையும் மாட்டின் கதையையும் சொன்னேன். மறுநாள் வந்து, "தாத்தாவுக்கும் தெரியும் சார், அவங்க அப்பா காலத்துல மாடு நெறய இருந்துச்சாம், கோடியக்கரை வரைக்கும் போவாங்களாம்" என்றான். எந்த வழியாய்ப் போனார்கள், எந்த ஊரில் இரவு தங்கினார்கள், திரும்பி வரும்போது மாட்டின்மேல் என்ன ஏற்றி வந்தார்கள் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.